கஸ்தூரி மிஸ்ஸிக்குப் பக்கவாதம் வந்த புதன்கிழமை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகரத்தில், சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, ஐயாசாமி மகள் கஸ்தூரிக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒருசேரப் போயின. பத்தரை மணிக்கெல்லாம் பூரண குணமடைந்து, பதினொன்றுக்கு இரண்டு கறிபாப் பலகாரம் தின்றார். இப்படியொரு அதிசயம் மருத்துவ இதழ்களில் வராமல் போனதற்குக் காரணம் உண்டு. அவருக்கு என்ன நோய் வரவேண்டும் என்பது முந்தின வெள்ளிக்கிழமையே கூட்டம் போட்டு முடிவு செய்யப்பட்டிருந்தது.

கஸ்தூரிக்கு வயது ஐம்பத்து நான்கு. பாலோ என்ற ஊருக்கு உள்ளே ஆறு கல் தள்ளி ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பள்ளி இறுதியில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வில் மலாய் நன்று, அறிவியல் நன்று, வரலாறு பரவாயில்லை, கணிதத்தில் எட்டு. அந்தக் காலத்து முறையில் ஒன்று என்றால் மிகச் சிறப்பு, ஒன்பது என்றால் தோல்வி. எட்டு என்பதற்குப் பொருள்: தேறிவிட்டாய், வெளியே சொல்லாதே. கஸ்தூரியும் பல ஆண்டுகள் வெளியே சொல்லாமல்தான் இருந்தார்.

இருபது வயதில் அரசாங்க மருத்துவமனையில் உதவித் தாதியாகச் சேர்ந்தார். தாதி என்பது எழுதுகிற சொல். ஜொகூரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வெள்ளை உடுப்பு போட்ட பெண் மிஸ்ஸி, அவ்வளவுதான். மெர்சிங்கில் ஒன்பது ஆண்டு இருந்தார். மீனவர்களின் உள்ளங்கையில் ஏறிய தூண்டில் முள்ளை எடுக்க உதவுவதும், தீவுக்குப் படகேற வந்து படகுத்துறையிலேயே விழுந்துவிட்ட சுற்றுலாப் பயணிகளைத் தையல் முடியும்வரை அதட்டிப் பிடித்துக்கொள்வதும் அவர் வேலை. பிறகு குளுவாங்கில் பதினெட்டு ஆண்டு. நடுவில் அரசாங்கமே படிக்க அனுப்பி டிப்ளோமா வாங்கிக் கொடுத்தது. நாற்பத்தேழு வயதில் விருப்ப ஓய்வு பெற்றார். அந்த ஓய்வு பதினொரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் ஸ்ரீ மெராந்தி நர்சிங் கல்லூரியில் போதனையாளராகச் சேர்ந்துவிட்டார்.

ஸ்ரீ மெராந்தி நர்சிங் கல்லூரி ஒரு மூன்று மாடிக் கடைவீட்டில் இயங்குகிறது. கீழ்த்தளத்தில் டயர் கடை, மேலே இரண்டு தளங்களில் கல்லூரி. இரண்டுக்கும் முதலாளி வள்ளியப்பன் ஒருவரே. செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. டயரும் தேயும், மனிதனும் தேய்வான், இரண்டுக்கும் ஆள் வேண்டும் என்பது அவருடைய வணிகத் தத்துவம். மேலே இதயத்துடிப்பைப் பற்றிப் பாடம் நடக்கும்போது கீழே காற்றடிக்கும் இயந்திரம் கூடவே துடிக்கும். மாணவிகள் இதற்குப் பழகிவிட்டார்கள். இங்கே படித்தவர்கள் எவ்வளவு கூச்சலிலும் நாடி பார்ப்பார்கள் என்று சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்று பாராட்டியே எழுதியிருக்கிறது.

கஸ்தூரி எடுத்தது செயல்முறை வகுப்பு. நோயாளியைத் தூக்குவது, திருப்புவது, துடைப்பது, ஊசி போடுவது, ஊசியைக் கண்டு ஓடுகிறவனைத் திரும்பக் கொண்டுவருவது. ஏழு ஆண்டில் முந்நூறு பேர் அவரிடம் படித்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

அங்கீகாரம் வழங்கும் மேலிடத்திலிருந்து வந்த கடிதம் அது. நர்சிங் டிப்ளோமா வகுப்பில் போதிப்பவர் குறைந்தபட்சம் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். குழு நேரில் வந்து பார்க்கும். பட்டமில்லாதவர் போதிப்பது தெரிந்தால் கல்லூரியின் அங்கீகாரம் மறுபரிசீலனைக்கு உள்ளாகும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கற்பிக்கிறவர் கற்பிக்கிற பாடத்துக்கு ஒரு படி மேலே படித்திருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. படி ஏறப் போன இடத்தில் ஏணியை யாரோ எடுத்து வைத்திருந்ததுதான் கஸ்தூரியின் சிக்கல்.

அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தார். இரண்டும் எஸ்.பி.எம். சான்றிதழைக் கேட்டன. இரண்டும் அந்த எட்டைக் கண்டுபிடித்தன. கணிதத்தில் ஆறோ அதைவிடச் சிறந்ததோ இருந்தால்தான் சேர்க்க முடியும். இருபத்தேழு ஆண்டு மருந்தின் எடையையும் உடம்பின் எடையையும் கணக்கிட்டு ஊசியில் ஏற்றியவர் அவர். கணக்கு ஒரு முறை தப்பியிருந்தாலும் இடுகாட்டில் பதிவாகியிருக்கும். இடுகாட்டுப் பதிவேட்டைச் சான்றாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் செல்வா என்ற பையன்தான் தொலைபேசியில் பேசினான். மரியாதை தெரிந்த பிள்ளை.

“மேடம், கணக்கு மட்டும் திரும்ப எழுதிடுங்க. ஈஸிதான் மேடம்.”

“பரீட்சை மண்டபத்துல எம் பக்கத்துல யாருப்பா உக்காருவா?”

“பதினேழு வயசுப் பிள்ளைங்க மேடம்.”

“அதுங்க என்னைப் பாத்துக் காப்பியடிச்சா?”

செல்வா சற்று யோசித்துவிட்டு, “ஃபெயிலாயிடுவாங்க மேடம்,” என்றான்.

கல்லூரியின் மற்ற போதனையாளர்கள் பட்டம் வைத்திருந்தார்கள். முதல்வர் யுவனேஸ்வரி அதற்கும் மேலே முனைவர் பட்டமே வைத்திருந்தார். வெளிநோயாளர் பிரிவில் போட்டிருக்கும் நாற்காலிகளின் நிறத்துக்கும் காத்திருப்பவர்களின் பொறுமைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இள நீலம் பொறுமையைக் கூட்டும் என்பது முடிவு. நல்ல பெண், வயது முப்பத்தொன்பது. கஸ்தூரியின் மேல் உண்மையான மரியாதை உண்டு. அந்த மரியாதையினால்தான், கடிதம் வந்த மறுநாளே, கஸ்தூரியின் பத்தொன்பது மணி நேர வகுப்பையும் அட்டவணையில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதன்படி யுவனேஸ்வரி வாரத்துக்கு நாற்பத்தொரு மணி நேரம் போதித்தார். சில நேரங்களில் ஒரே மணியில் இரண்டு தளங்களில்.

குழுவுக்கு உண்மை தெரிந்தால் கஸ்தூரிக்கு வேலை போகும். வேலை போனால் மெர்சிங்.

மெர்சிங் என்பது அவருடைய கணவர் சபாபதியின் கனவு. சபாபதி குளுவாங்குக்கும் மெர்சிங்குக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டு பேருந்து ஓட்டியவர். வழியில் காஹாங் ஊரைத் தாண்டியதும் கடல் காற்று வரும் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். வருவது செம்பனை எண்ணெய் ஆலையின் புகை. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். தீவுக்குப் போகிறவர்கள் ஒரு ராத்திரி தங்குவார்கள். கஸ்தூரி மீன் பொரித்துப் போடுவார். சபாபதி கடலைப் பார்ப்பார். திட்டத்தில் இந்த வேலைப் பிரிவினை முதலிலேயே தெளிவாக இருந்தது. ஒன்பது ஆண்டு மெர்சிங்கில் மீன் வாடையோடு வாழ்ந்துவிட்டு, செதிலைப் பார்த்தாலே தும்முகிற நிலைக்கு வந்தவர் கஸ்தூரி. சபாபதி ஒவ்வொரு சாயங்காலமும் காப்பியைக் கையில் கொடுத்து, மிகுந்த பாசத்தோடு கேட்பார்:

“இன்னைக்கு ஏதாச்சும் லெட்டர் வந்துச்சா?”

“வரல.”

“வரும் வரும். கவலப்படாத.”

வெள்ளிக்கிழமை முதலாளி கூட்டம் போட்டார். வள்ளியப்பன், யுவனேஸ்வரி, கஸ்தூரி, மூன்று பேர்தான்.

“மிஸ்ஸி, புதன்கிழமை கமிட்டி வருது,” என்றார் வள்ளியப்பன். “நீங்க அன்னிக்கு லீவு எடுத்துக்குங்க லா. வீட்டுக்காரர கூட்டிக்கிட்டு மெர்சிங் போயிட்டு வாங்க.”

“அவரு போனா திரும்ப வரமாட்டாரு பாஸ்.”

“அவர் வராட்டி என்ன. நீங்க வாங்க.”

யுவனேஸ்வரி மேசையில் இருந்த கடிதத்தைத் தொட்டார். “லீவு மட்டும் பத்தாது பாஸ். அட்டவணையிலேர்ந்து ஒரு வகுப்ப அவங்களே பொறுக்கியிருக்காங்க. புதன் பத்து மணி, செயல்முறை அறை. பக்கவாத நோயாளியக் கட்டில்லேர்ந்து சக்கர நாற்காலிக்கு மாத்தறது.”

“அது என் வகுப்பாச்சே டாக்டர்,” என்றார் கஸ்தூரி.

“அட்டவணைல என் பேரு இருக்கு அக்கா.”

“நீங்க கடைசியா ஒரு ஆளத் தூக்கினது எப்ப?”

யுவனேஸ்வரி விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது கைக்குப் போனார். “பதினாலு வருஷம் இருக்கும்.”

“நாற்காலியில டாக்டர் பட்டம் வாங்கின ஆளு,” என்று வள்ளியப்பன் தைரியம் சொன்னார். “ஒங்களுக்கு என்னா.”

“அந்த நாற்காலிக்கெல்லாம் சக்கரம் கெடையாது பாஸ்.”

அடுத்த சிக்கல் நோயாளி. செயல்முறை அறையில் ஒரு ஆள் உயரப் பொம்மை இருந்தது. மாணவிகள் அதை அங்கிள் என்பார்கள். அங்கிளுக்கு இடுப்பு கழன்று இரண்டு வாரம்.

“கீழ வீரமுத்துகிட்ட சொன்னா ஒரு போல்ட்டு போட்டுடுவானே,” என்றார் வள்ளியப்பன். வீரமுத்து டயர் கடையின் தலைமை மெக்கானிக்.

“போட்டாரு பாஸ்,” என்றார் கஸ்தூரி. “இப்ப கால் பின்பக்கமா மடங்குது. அதப் பாத்து ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்துடுச்சு.”

“அப்ப ஒரு பிள்ளையப் படுக்க வைங்க.”

“வகுப்புல பதினெட்டுப் பேருன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்,” என்றார் யுவனேஸ்வரி. “ஒண்ணு படுத்தா நிக்கிறது பதினேழு. தலைய எண்ணுவாங்க.”

கீழே யாருடைய டயருக்கோ காற்று ஏறிக்கொண்டிருந்தது.

“நான் படுத்துக்கறேன்,” என்றார் கஸ்தூரி.

வள்ளியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டாக்டர், நோயாளிக்கு டிகிரி கேப்பாங்களா?”

“எந்த விதியிலயும் இல்ல பாஸ்.”

“டிப்ளோமா?”

“நோயாளிக்கு நோய் இருந்தாப் போதும்.”

“எழுதிக்குங்க,” என்றார் வள்ளியப்பன்.

யுவனேஸ்வரி ஒரு நிபந்தனை போட்டார். கஸ்தூரி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அது வகுப்பாகிவிடும். ஆகவே மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு, வலப்பக்கம் முழுக்க வாதம், கூடவே பேச்சும் போய்விட்டது என்று நோயாளிக் குறிப்பு தயாரானது. மருத்துவப்படி அப்பழுக்கில்லாத நோய். ஒரு போதனையாளரை வாயடைக்க வைப்பதற்காகவே இயற்கை ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது.

அந்த வாரக் கடைசி முழுவதும் கல்லூரி தயாரானது. காஹாங்கிலிருந்து முப்பது பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்தன. கீழே டயர் கடையைத் தார்ப்பாய் போட்டு மறைத்து, அதன்மேல் குழுவை வரவேற்கும் பதாகை கட்டினார்கள். செயல்முறை அறையின் தரையை வள்ளியப்பன் இரண்டு முறை மெழுகு போட்டுத் தேய்க்கச் சொன்னார். முகம் பார்க்கலாம் போல இருந்தது. நடக்கத்தான் முடியவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. இரண்டு பேர். தலைவர் பேராசிரியர் ரொஹானா, அறுபதை நெருங்கும் அம்மாள், வந்ததும் கைகழுவும் இடம் எங்கே என்று கேட்டவர். இன்னொருவர் திருவாளர் ஹலிம், மலாயில் என்சிக் ஹலிம், கையில் ஒரு பட்டியல். தீயணைப்பான்களை எண்ணினார், நாற்காலிகளை எண்ணினார், மாணவிகளை எண்ணினார். பதினெட்டு. டிக் போட்டார்.

நான்காவது கட்டிலில், பச்சை நிற மருத்துவமனை உடுப்பில், கஸ்தூரி படுத்திருந்தார். இருபத்தேழு ஆண்டு எத்தனையோ பேரைப் பார்த்த அனுபவம் முகத்தின் வலப்பக்கத்தில் தொங்கியது. உதட்டோரத்தில் கொஞ்சம் எச்சில்கூட இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உதவிக்கு நின்ற வகுப்புத் தலைவி ரூபினிக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

யுவனேஸ்வரி தொடங்கினார். முதல் எட்டு நிமிடம் பிரமாதம். பக்கவாதம் ஏன் வருகிறது, ஆண்டுக்கு எத்தனை பேருக்கு, மூளையின் எந்தப் பகுதி போனால் எது போகும், எல்லாம் தண்ணீர் ஓடுவதுபோல் வந்தது. கஸ்தூரிக்கே தெரியாத இரண்டு விஷயங்கள் அதில் இருந்தன. படுத்தபடியே அவற்றை மனதில் குறித்துக்கொண்டார். பட்டத்துக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஒன்பதாவது நிமிடம் சக்கர நாற்காலி வந்தது. யுவனேஸ்வரி அதைக் கட்டிலின் வலப்பக்கம் நிறுத்தினார்.

வலப்பக்கம் செத்துப்போன நோயாளிக்கு நாற்காலி இடப்பக்கம் வர வேண்டும். உயிருள்ள காலை ஊன்றித்தான் அவர் திரும்ப முடியும். முதல் பருவத்துப் பிள்ளைக்குக் கூடத் தெரிந்த பாடம். சொல்லிக்கொடுத்தவர் கட்டிலில் இருந்தார்.

“ம்ம்ம்,” என்றார் நோயாளி.

“நோயாளிக்கு ஏதோ அசௌகரியம்,” என்று யுவனேஸ்வரி வகுப்புக்கு விளக்கினார். “நாம் பரிவோடு இருக்க வேண்டும்.”

“ம்ம்ம்ம்.” இடக்கை மெத்தையின் இடப்பக்கத்தை மூன்று முறை தட்டியது.

ரூபினிக்குப் புரிந்தது. “டாக்டர், நோயாளி அந்தப் பக்கமாத்தான் எறங்க ஆசப்படறாங்க போல.”

யுவனேஸ்வரி ஒரு கணம் பார்த்தார். அறிவுள்ளவர், பிடித்துக்கொண்டார். “நோயாளியின் விருப்பத்தை மதிப்பது நம் முதல் கடமை,” என்று சொல்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தார். பேராசிரியர் ஏதோ எழுதினார்.

கால் வைக்கும் தட்டு மடக்கப்படவில்லை. நோயாளி அதையே முறைத்தார். ரூபினி குனிந்து மடக்கினாள். உட்கார வைத்தாயிற்று. இடுப்பில் பட்டை கட்டியாயிற்று. யுவனேஸ்வரி தன் முட்டியால் நோயாளியின் முட்டிக்கு அண்டை கொடுத்து, பட்டையைப் பிடித்து, ஒன்று, இரண்டு என்றார். மூன்றில் கஸ்தூரியின் எழுபத்தொரு கிலோவும் எழுந்தது, திரும்பியது, நாற்காலியை நோக்கி இறங்கியது.

பாதி வழியில்தான் கஸ்தூரி பார்த்தார். பிரேக் இரண்டும் திறந்திருந்தன.

நாற்காலியின் விளிம்பில் உடம்பு பட்டதும் அது மெழுகுத் தரையில் பின்னால் வழுக்கத் தொடங்கியது. இடக்கை போய் இடப்பக்கப் பிரேக்கை இழுத்தது. இதில் குற்றமில்லை, அது உயிரோடிருந்த கை. ஆனால் ஒரு சக்கரத்தை மட்டும் பூட்டினால் நாற்காலி அதையே அச்சாக வைத்துச் சுற்றும். சுற்றியது. நோயாளியும் போவார், முனைவரும் போவார் என்ற நிலை. பத்து மணியிலிருந்து செத்துக் கிடந்த வலக்கை பாய்ந்து போய் வலப்பக்கப் பிரேக்கைப் பிடித்து அழுத்தியது.

டக்.

நாற்காலி நின்றது. கஸ்தூரி கச்சிதமாக அதில் அமர்ந்திருந்தார். வலக்கை ஒரு விநாடி பிரேக்கின் மேலேயே இருந்துவிட்டு, தான் செத்துப்போனதை நினைவுபடுத்திக்கொண்டு, மெதுவாக மடியில் விழுந்தது.

என்சிக் ஹலிம் தன் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினார்.

பேராசிரியர் ரொஹானா எழுந்து வந்தார். நோயாளியின் வலக்கையைத் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, விட்டுவிட்டார். பழைய வார்டுச் சோதனை அது. நடிக்கிறவனின் கை முகத்தைத் தவிர்த்து ஓரமாக விழும். உண்மையாகவே செயலிழந்த கை மூஞ்சியிலேயே விழும். கஸ்தூரிக்கு இந்தச் சோதனை நன்றாகத் தெரியும். கையைத் தன் மூக்கின் மேலேயே விட்டார். சத்தம் கேட்டது.

“நல்லது,” என்றார் பேராசிரியர் மலாயில். “இந்தச் சோதனை தெரிந்த நோயாளி.” பிறகு ரூபினியைப் பார்த்து, “இவர் பெயர் என்ன?” என்றார்.

“கஸ்தூரி மிஸ்ஸி,” என்றாள் ரூபினி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்சிக் ஹலிம் போதனையாளர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தார். கஸ்தூரி இல்லை.

“மிஸ்ஸியா?” என்றார் பேராசிரியர்.

வள்ளியப்பன் வாசலிலிருந்து வேகமாக வந்தார். மெழுகினால் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் முன்னாலேயே வந்து சேர்ந்தார். “இல்லை பேராசிரியர், எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் வெளி ஆள். இன்றைக்கு மட்டும் நோயாளியாக வந்தவர்.”

பேராசிரியர் குனிந்து கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தார். “அம்மா, உங்கள் நோயைக் குணப்படுத்திவிட்டேன். இப்போது பேசலாம். நீங்கள் யார்?”

முதலாளி கொடுத்த பதில் கையிலேயே இருந்தது. ஆமாம், வெளி ஆள் என்றால் முடிந்தது. வேலை இருக்கும், மெர்சிங் இருக்காது. பதினெட்டு மாணவிகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிக் குறிப்பில் பொய் எழுதுகிறவளுக்கு இந்த அறையில் இடமில்லை என்று பருவத்தின் முதல் நாளில் அவர்களுக்குச் சொன்னவர் அவர்தான். இப்போது அவரே அந்தப் பொய்க் குறிப்பாக உட்கார்ந்திருந்தார்.

கஸ்தூரி முகத்தின் வலப்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தார். எச்சிலைத் துடைத்தார்.

“ஏழு வருஷமா இந்த வகுப்ப நான்தான் எடுக்கறேன்,” என்றார் மலாயில். “பட்டம் கிடையாது. டிப்ளோமாதான். பட்டத்துக்குப் போனேன், கணக்குல எட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“எட்டா?”

“எட்டு.”

“அந்தப் பத்தொன்பது மணி நேரமும் அவங்களோடதுதான்,” என்றார் யுவனேஸ்வரி. “பிரேக் போட மறந்தது மட்டும் என்னோடது.”

வள்ளியப்பன் வாடகைப் பூந்தொட்டி ஒன்றைப் பார்த்தபடி நின்றார்.

பேசத் தொடங்கிவிட்ட கஸ்தூரியை இனி நிறுத்துவது யாராலும் ஆகாது. நாற்காலியிலிருந்தே வகுப்பின் பக்கம் திரும்பினார். “பூட்டாத நாற்காலி என்னா பண்ணும்னு பாத்தீங்கல்ல? ஒரு பக்கம் பூட்டினா என்னா பண்ணும்னும் பாத்தீங்க. எழுதுங்க.” பதினெட்டுப் பேனாக்கள் ஓடின. பேராசிரியருடையது பத்தொன்பதாவது.

பிறகு எல்லாரும் கறிபாப் சாப்பிட்டார்கள். வழக்கம்போல் குழுப்படம் எடுத்தார்கள். நடுவில் பேராசிரியர், அவருக்கு இடப்பக்கம் முனைவர், வலப்பக்கம் பச்சை உடுப்பில் நோயாளி, எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கியபடி. வள்ளியப்பனின் கட்டைவிரல் பாதி உயரத்தில் நிற்கிறது.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. அந்த மூன்று வாரத்தில் சபாபதி இரண்டு பெரிய வாணலிகள் வாங்கிவிட்டார்.

வள்ளியப்பன் அறிக்கையைத் தன் அறையில் கஸ்தூரிக்கும் யுவனேஸ்வரிக்கும் சத்தமாகப் படித்தார். பதினான்காம் பத்தி என்சிக் ஹலிமின் கைவண்ணமாக இருக்க வேண்டும். பட்டமில்லாதவர் போதிப்பது உடனே நிறுத்தப்பட வேண்டும். அட்டவணை முப்பது நாளில் திருத்தப்பட வேண்டும். முதல்வர் எண்பது மணி நேரம் வார்டில் மறுபயிற்சி பெற வேண்டும். தரைக்கு மெழுகு போடக் கூடாது. இவற்றைச் செய்தால் அங்கீகாரம் தொடரும்.

“போச்சு மிஸ்ஸி,” என்றார்.

“தெரியும் பாஸ்.” கஸ்தூரி மேசை இழுப்பறைச் சாவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“இருங்க. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு.” வள்ளியப்பன் வாங்கிய எதையும் கடைசிவரை உபயோகிக்கிறவர். இருபத்திரண்டாம் பத்திக்கு வந்தார். அதற்குத் தலைப்பு ‘பாராட்டுக்குரியவை’. கல்லூரியின் நூலகம் பற்றி அதில் ஒன்றுமில்லை, பூந்தொட்டி பற்றி ஒன்றுமில்லை. ஒரே ஒரு வாக்கியம்: செயல்முறை வகுப்பில் பயன்படுத்தப்பட்ட நோயாளியின் தரம், குழு இதுவரை எந்தக் கல்லூரியிலும் காணாதது; இந்த வசதியை நிரந்தரமாக வைத்திருக்கும்படி பரிந்துரைக்கப்படுகிறது.

வள்ளியப்பன் பதினான்கைத் திரும்பப் படித்தார். இருபத்திரண்டைத் திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“டாக்டர், இந்த நிரந்தர நோயாளின்னா, அதுக்கு ஏதாச்சும் தகுதி போட்டிருக்கா?”

“எதுவுமில்ல பாஸ்,” என்றார் யுவனேஸ்வரி. சிரிப்பை அடக்கியதில் அவர் முகமே கோணலாகியிருந்தது. “படுக்கத் தெரிஞ்சாப் போதும்.”

“மிஸ்ஸி, ஒங்களுக்குத் தெரியுமில்ல?”

கஸ்தூரி சாவியைத் திரும்ப வளையத்தில் மாட்டினார்.

அன்று சாயங்காலம் சபாபதி காப்பி கொண்டுவந்தார்.

“லெட்டர் வந்துச்சு,” என்றார் கஸ்தூரி.

சபாபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் சொன்னேன்ல. அப்ப எப்ப கெளம்பலாம்?”

“போதிக்கிற வேல போச்சு. நோயாளி வேல கொடுத்திருக்காங்க.”

“நோயாளியா? அதே சம்பளத்துக்கா?”

“அதே சம்பளம். படுத்துக்கிட்டே.”

சபாபதி வாணலிகள் இருந்த பக்கம் பார்த்தார். “எத்தன நாளைக்கு?”

“கொணமாகற வரைக்கும்,” என்றார் கஸ்தூரி.

இப்போது யுவனேஸ்வரி தானே வகுப்பெடுக்கிறார். வார்டில் எண்பது மணி நேரம் நின்று வந்ததிலிருந்து முதலில் பிரேக்கைத்தான் தொடுகிறார். விதிப்படி, அட்டவணையில் உள்ள பெயரும் வகுப்பில் நிற்கிற ஆளும் ஒன்று. கட்டிலில் இருப்பவர் வாயைத் திறந்து போதிப்பதில்லை. ஆனால் நர்சிங் பாடநூல் ஒவ்வொன்றும் முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறது: நோயாளி சொல்வதைக் குறுக்கிடாமல், கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மாணவிகள் பாடநூலை மீறுவதில்லை.

போன திங்கட்கிழமை கஸ்தூரிக்கு இடுப்பெலும்பு முறிவு. ஆறு நிமிடம் ஒன்றும் பேசாமல் கிடந்தார். வலி குறைய ஊசி போடுவதுபோல் ரூபினி செய்துகாட்டிவிட்டு, நோயாளியின் போர்வையை அன்பாக இழுத்துவிட்டாள். யுவனேஸ்வரி தலையசைத்தார். எல்லாம் முடிந்தது என்று ரூபினி தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“மிஸ்ஸி,” என்று கட்டிலிலிருந்து ஒரு பலவீனமான குரல் வந்தது. “நான் படிக்காதவ. தெரியாமத்தான் கேக்கறேன்.”

பதினெட்டுப் பேரும் பேனாவை எடுத்தார்கள்.

“போட்ட ஊசி தட்டுல இல்லையேம்மா. அது இப்ப எங்க இருக்கு?”

ரூபினி தட்டைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் போர்வையைத் தூக்கத் தொடங்கினாள். நோயாளி அசையவே இல்லை. அவருக்கு இடுப்பு முறிந்திருந்தது.